மல்லம்மா காம்பவுண்டு நியாயம்

அத்தியாயம் 11

ஸ்ரீதேவி ஆயுத பூஜைக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள். தோளில் ஒரே ஒரு பை. தசரா யானைகள் காட்டுக்குத் திரும்பின, தீபாவளி போயிற்று, சங்கராந்திக்குத் தெருக்காரர்கள் கொடுத்த எள்ளும் வெல்லமும் டப்பாவில் தீர்ந்தே போயிற்று. அவள் மட்டும் கொள்ளேகாலில் இருக்கும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை.

"ஏன்டி போகமாட்டேங்கிற?" என்று அவளுடைய அம்மா லீலா கேட்காத நாளில்லை.

"போகமாட்டேன். அவ்ளோதான்."

"மாப்பிள்ளை அடிச்சாரா?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"வேற எவளாவது..."

"அம்மா, சாக்கு!"

போதும் என்பதை ஸ்ரீதேவி கன்னடத்தில் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வராது. மைசூர் மேட்டகள்ளியிலேயே பிறந்து வளர்ந்த பெண். கோபம் அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும்.

அடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. அப்படியானால் விஷயம் சின்னதுதான் என்று லீலா முடிவு கட்டினாள். சின்னச் சண்டையை எப்படித் தீர்ப்பது என்று அவளுக்குத் தெரியும். மல்லம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மல்லம்மா அவளுக்குச் சொந்தமில்லை, அக்கம்பக்கமும் இல்லை. டி.வி.யில் வருகிறவள். 'மல்லம்மா காம்பவுண்டு' என்கிற கன்னடச் சிரிப்புத் தொடரில், ஆறு குடித்தனங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரி. மேட்டூரிலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோது லீலாவுக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. கணவன் உதயகுமார் ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போய்விட்டால் அவளிடம் பேச அந்த டி.வி. பெட்டிதான். பேச்சைக் கற்றுக்கொண்டதும் அதில்தான், பிழைப்பைக் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும், மீட்டர் போடச் சொல்வது அப்புறம். கோபமாக வந்தவனுக்கு முதலில் நாற்காலி, பிறகு தண்ணீர், பேச்சு கடைசியில். சுவரில் ஆணி அடிக்காதே என்று வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி சத்தம் போட்டபோது, அடித்த ஆணியில் லீலா அவருடைய குலதெய்வத்தின் படத்தை மாட்டிவைத்தாள். சண்டைக்கு மாடி ஏறியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அதுவும் மல்லம்மா பாடம்தான்.

அந்தத் தொடரில் ஒரு எபிசோடு. வாத்தியாரும் அவர் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிவார்கள். மல்லம்மா அவரிடம் ஒரு பொய், அவளிடம் ஒரு பொய் சொல்லி, இரண்டு பேரையும் சாமான் அறைக்குள் வரவழைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். விளம்பரம் முடிந்து கதவைத் திறந்தால் வாத்தியார் நிலக்கடலை உரித்து உரித்துப் பெண்டாட்டிக்கு ஊட்டிக்கொண்டிருப்பார்.

லீலா அதை எத்தனை தடவை பார்த்தாலும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை அவள் கொள்ளேகாலுக்குப் போன் போட்டாள்.

"மாப்ளே, ஸ்ரீ உங்களையே நெனச்சு அழுதுட்டிருக்கா. வாய்விட்டுச் சொல்லமாட்டா. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

மறுமுனையில் மாப்பிள்ளை கவின்ராஜ் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்.

"அவளே சொன்னாளுங்களா அத்தை?"

"அவளேதான்."

முதல் பொய் அது.

*

ஞாயிற்றுக்கிழமை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த உதயகுமார் ஹாலில் பாயை விரித்துக் குப்புறப் படுத்திருந்தார். அடுப்பில் மாப்பிள்ளைக்காகக் கோழிக் குழம்பு. லீலாவுக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. வெங்காயம் நறுக்கினாள், பாதியில் விட்டாள், ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

"யாரு வராங்க?" ஸ்ரீதேவி கேட்டாள்.

"யாரும் இல்லையே."

"கோழி?"

"உங்கப்பாவுக்கு. ராத்திரியெல்லாம் மெஷின் பக்கத்துல நின்னு இளைச்சுப் போயிட்டார் பாரு."

ஸ்ரீதேவி பாயைப் பார்த்தாள். அப்பாவின் தொப்பை குறட்டைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ உள் ரூம்ல துணியெல்லாம் மடிச்சு வை. மலையா குவிஞ்சு கெடக்கு."

இரண்டாவது பொய். துணி அப்படியொன்றும் குவிந்திருக்கவில்லை. லீலாவே பீரோவிலிருந்து நாலைந்து புடவையை எடுத்துக் கலைத்துப் போட்டிருந்தாள்.

ஸ்ரீதேவி உள்ளே போனதும் லீலா டி.வி.யைப் போட்டாள். ஞாயிறு காலைகளில் 'மல்லம்மா காம்பவுண்டு' பழைய எபிசோடுகளை வரிசையாகக் காட்டுவார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்தாள். படியேறி வருகிறவன் காலடி உள்ளே கேட்டுவிடக் கூடாது.

கவின்ராஜ் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கையில் மல்லிகைப் பூப்பொட்டலம், ஒரு கையில் ஆரஞ்சுப் பழம். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிறவன். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டான். கல்யாணத்தின்போது லீலாவுக்குப் பிடித்துப்போனதே அதுதான்.

"நல்லா இருக்கீங்களா அத்தை? மாமா தூங்கறாருங்களா? எழுப்ப வேண்டாமுங்க."

"ஸ்ரீ உள்ளதான் இருக்கா. போங்க மாப்ளே."

அவன் செருப்பைச் சுவரோரம் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான்.

லீலா மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். கொஞ்சம் துருப்பிடித்த தாழ்ப்பாள். கிறீச்சிட்டுக்கொண்டே போய் டக்கென்று விழுந்தது.

டி.வி.யில் நூறு பேர் சிரித்தார்கள்.

*

லீலா கதவில் காதை வைத்தாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நல்லது. எபிசோடில்கூட முதலில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

கட்டில் கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் நல்லதுதான். லீலா முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள்.

கவின்ராஜின் குரல் கேட்டது. எப்போதும்போல் தணிந்த குரல்.

"பாத்தியா? உங்கம்மாவே பூட்டறாங்க. நான் பூட்டுனா மட்டும் தப்பாப் போச்சு."

லீலாவின் முந்தானை வாயிலிருந்து நழுவியது.

அப்புறம் கதவில் தட்டும் சத்தம். உள்ளங்கையால் மெதுவாக, ஒரே அளவாக. கூடவே ஸ்ரீதேவியின் குரல்.

"தெற. தெற. தெற. தெற."

கத்தவில்லை. அழவும் இல்லை. ஏற்ற இறக்கமே இல்லாத குரல். கதவு திறக்காது என்று தெரிந்தே தட்டிப் பழகியவளின் குரல்.

"சத்தம் போடாத ஸ்ரீதேவி. தொண்டை வறண்டு போகும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

லீலா தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். துரு விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். புறங்கைத் தோல் பிய்ந்தது.

"என்னடி அது, டி.வி. இந்த அலறு அலறுது?" உதயகுமார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஏங்க! எழுந்திருங்க! இதைத் தெறங்க!"

அவர் அடித்துப் பிடித்து எழுந்து வந்து ஒரே இழுப்பில் இழுத்தார். கதவு திறந்தது.

ஸ்ரீதேவி வெளியே வந்தாள். நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போய், வெளிப்படிக்கட்டின் மேல்படியில் தெருவைப் பார்க்க உட்கார்ந்தாள்.

உள்ளே கவின்ராஜ் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பூப்பொட்டலம் பிரிக்காமலே இருந்தது.

டி.வி. மறுபடியும் சிரித்தது. உதயகுமார் போய் அதை அணைத்தார்.

*

"நீங்க... பூட்டுவீங்களா மாப்ளே?"

"வேலைக்குப் போறப்பங்க அத்தை. வெளிக் கேட்டுக்கு ஒரு பூட்டு. அவ்வளவுதான்." அவன் முகத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. "எங்க வீதி சரியில்லீங்க. காலம் கெட்டுக் கெடக்குது. அவ பத்திரமா இருக்கோணுமில்ல?"

"தினமுமா?"

"உள்ள சோறு, தண்ணி, ஃபேன் எல்லாம் இருக்குது. டி.வி.க்கு வருஷ ரீசார்ஜ் பண்ணி வெச்சிருந்தேன். நீங்க பாக்கற அதே சேனலுங்க."

லீலாவுக்கு என்னவோ உறுத்தியது. அந்த வீட்டுக்கு அவள் ஒரு தடவை போயிருக்கிறாள். கேட்டுக்கு வெளியே சந்து, சந்தைத் தாண்டினால்...

"பாத்ரூம் வெளிய இல்ல இருக்கு?"

"ஆமாங்க."

"பூட்டிட்டா அவ எப்படிப் போவா?"

"ஒரு பக்கெட் வெச்சிருந்தேனுங்க," என்றான் கவின்ராஜ், ஏதோ புது மிக்சி வாங்கிக் கொடுத்ததைச் சொல்கிறவன்போல.

உதயகுமார் லீலாவைப் பார்த்தார். லீலா தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த எந்த எபிசோடிலும் இப்படி ஒரு பக்கெட் வந்ததில்லை.

அவள் வாசலுக்குப் போனாள். மகளின் தோளைத் தொட்டாள். தோள் விலகிக்கொண்டது.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல? அடிச்சாரான்னு கேட்டேன், குடிக்கிறாரான்னு கேட்டேன்..."

"சொன்னேன்."

"எப்போ?"

"ஆடி மாசம். போன்ல. அவர் வெளிய பூட்டிட்டுப் போயிட்டார்மான்னு சொன்னேன்." ஸ்ரீதேவி தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ சிரிச்ச."

லீலாவுக்கு ஞாபகம் வந்தது. மல்லம்மாவின் மறதிக்காரப் புருஷன் அவளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விடும் எபிசோடு அதற்கு முந்தின நாள்தான் போட்டிருந்தார்கள். "நம்ம மல்லம்மா வீட்டு ஆளாட்டமே இருக்காரே உன் புருஷன்!" என்று சொல்லிவிட்டு, அந்தக் கதை முழுவதையும் மகளுக்குச் சொல்லிச் சிரித்தாள். எதிர்முனையில் மகளும் சிரித்ததாகத்தான் அன்று நினைத்திருந்தாள்.

கீழேயிருந்து வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி என்ன சத்தமென்று தலையை நீட்டினார். "ஏனம்மா, ஏனு கலாட்டா?"

"ஒண்ணும் இல்ல சாமி," என்றார் உதயகுமார். சொல்லிவிட்டு மகளுக்குப் பக்கத்தில், அதே படியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வண்டி எடுக்கட்டுமாம்மா?"

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் இல்ல. சும்மா ரிங் ரோட்ல ஒரு சுத்து. காத்தாட."

ஸ்ரீதேவி வேண்டாமென்று தலையாட்டினாள். ஆனால் இப்போது தோள் விலகவில்லை.

*

லீலா திரும்பி உள்ளே வந்தாள். மல்லம்மா பாடத்தில் ஒன்று இன்னும் பாக்கி இருந்தது. பொய் சொன்னவர்கள் கடைசியில் எல்லாரையும் உட்காரவைத்து ஒப்புக்கொள்வார்கள், எல்லாம் சரியாகிவிடும்.

"மாப்ளே, மன்னிச்சுக்கணும். ஸ்ரீ உங்களைக் கூப்பிடல. நான்தான் பொய் சொல்லி வரவழைச்சேன். அவ வரமாட்டா. நீங்க சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

கவின்ராஜுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இப்பப் போயி இப்படிச் சொன்னா எப்படிங்க அத்தை? வியாழக்கிழமையே ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். பொண்டாட்டி கூப்பிடறான்னு. எங்கம்மா, சித்தப்பா, சித்தப்பா பசங்க நாலு பேரு, எல்லாம் வேன் பிடிச்சு வந்துட்டு இருக்காங்க. மரியாதையாக் கூட்டிட்டுப் போகோணுமில்ல?"

"வேனா?"

"காலைலயே கெளம்பிட்டாங்க. அத்தன பேரு வந்துட்டு வெறும் வண்டியா திரும்புவாங்களா, சொல்லுங்க?" அவன் பூப்பொட்டலத்தைக் கட்டில்மேல் வைத்தான். "அவ பையை எடுத்து வெச்சிருங்க. ஒரே ஒரு பைதான?"

லீலா சமையலறைக்குப் போனாள். குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைக் குறைக்கத் தோன்றவில்லை. ஜன்னலோரம் சார்ஜில் இருந்த போனைப் பிடுங்கி, சம்பந்தி சாமியாத்தாளின் எண்ணைத் தேடினாள். அவசரத்தில் முதலில் பால்காரருக்குப் போயிற்று. வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"சம்மந்தியம்மா! வந்துட்டே இருக்கறமுங்க!" சாமியாத்தாளின் குரல் கல்யாண வீட்டுக் குரலாக ஒலித்தது. பின்னால் ஆண்கள் சிரிக்கும் சத்தம், டம்ளர் சத்தம். "டி.நரசிபுராவுல டீக்கு நிறுத்தியிருக்காங்க. முக்கால் மணி நேரத்துல வந்துருவோம். பொண்ணு ரெடியா?"

"சம்மந்தியம்மா, வண்டியத் திருப்பிடுங்க. ஸ்ரீ வரமாட்டா. அவ கூப்பிடவே இல்ல. நான் பொய் சொன்னேன். ரெண்டு பேரும் பேசிக்கட்டும்னு ரூமுக்குள்ள விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். அதுல..."

"இரு சின்னவனே, பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்" என்று சாமியாத்தாள் யாரிடமோ சொல்வது கேட்டது. ஆண்களின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போயிற்று. பிறகு வந்த குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"அவன் வெச்சுப் பூட்டறது தெரிஞ்சு போச்சா உங்களுக்கு?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எதுத்த வீட்ல இருக்கறவளுக்குத் தெரியாம இருக்குமா? சாவி அவன் இடுப்புல. ஜன்னல் கம்பி வழியா மோர் குடுப்பேன், முறுக்குக் குடுப்பேன். அம்மிணி வாங்கிக்குவா. ஒரு வார்த்த என்னையக் குறை சொன்னதில்ல." சாமியாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். "ஆயுத பூஜை அன்னைக்கு அவ எப்படி வெளிய வந்தான்னு இன்னும் அவனுக்குத் தெரியாது. கேட்டுல பூட்ட ஒடச்சது நான்தான். கல்லத் தூக்கிப் போட்டேன்."

"அப்போ வண்டியத் திருப்பச் சொல்லுங்களேன்!"

"நான் சொன்னா கேக்கற ஆளுங்களா இவனுங்க? வீம்புக்கு வந்துட்டு இருக்காங்க. நாங்க வந்து சேர்றதுக்குள்ள அம்மிணிய அங்கிருந்து அனுப்பிருங்க."

"எங்க அனுப்பறது?"

"என்கிட்டச் சொல்லாதீங்க!" குரல் பதறியது. "சத்தியமா சொல்லாதீங்க. நான் பயந்தவ. அவன் முன்னால நிறுத்திக் கேட்டா சொல்லிப்போடுவேன்."

போன் கட்டாயிற்று.

லீலா திரும்பினாள்.

சமையலறை வாசலில் கவின்ராஜ் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான், எதுவரை கேட்டான், தெரியவில்லை.

"யாருங்க அத்தை?"

"கேஸ்காரன்," என்றாள் லீலா. அவளுக்கே ஆச்சரியம், குரல் நடுங்கவில்லை. "சிலிண்டர் எப்ப வரும்னு கேட்டேன்."

"ஞாயித்துக்கிழமைங்களே இன்னிக்கு."

"அதான் வராதுன்னுட்டான்."

கவின்ராஜ் புன்னகைத்தான். கையை நீட்டினான். செல்போன் கடையில் வாடிக்கையாளரிடம் ரிப்பேருக்குப் போனை வாங்க நீட்டுகிற அதே கை, அதே பொறுமை.

"குடுங்க, பாக்கறேன்."

அதில் கடைசியாகப் பேசிய எண் இருக்கிறது. அம்மா எண் மகனுக்கு மனப்பாடம். அவன் பார்த்துவிட்டால், பூட்டை உடைத்தது யார் என்று சாமியாத்தாளிடம் கேட்க அவனுக்கு அதிக நேரம் ஆகாது.

லீலா போனைப் பார்த்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு போனைக் கொதிக்கிற குழம்புக்குள் விட்டாள். எண்ணெய் மிதந்த சிவப்புக்குள் ஒரு குமிழி விட்டு அது அடியில் போயிற்று.

"கை தவறிடுச்சு மாப்ளே."

முதல் முறையாக அவன் முகம் மாறியது. நீட்டிய கை மடங்கி, வாசல்கால் சட்டத்தைப் பிடித்தது. இன்னொரு கை மறுபக்கச் சட்டத்தை. அந்தச் சமையலறைக்கு வாசல் ஒன்றுதான். ஜன்னலில் கம்பி.

டி.நரசிபுராவில் இந்நேரம் டீ குடித்து முடித்திருப்பார்கள்.

லீலா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஹால் தெரிந்தது, பாய் தெரிந்தது, படிக்கட்டு தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஸ்ரீ! அப்பாகூட வண்டியில ஏறிப் போயிடு! எங்கயாவது போ! எங்கிட்டச் சொல்லாத!"

"என்னாச்சு அத்தை உங்களுக்கு?" என்றான் கவின்ராஜ், ஒரு எட்டு உள்ளே வைத்தபடி.

வெளியே படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. கீழே இறங்கி ஓடுகிற சத்தமா, தனக்காக மேலே ஏறி வருகிற சத்தமா என்று லீலாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.